உரிமையைப் பிச்சையாக்கியது யார்?

கடன்பட்டவன் கடனைத் திருப்பிச் செலுத்தும்போது, கடன் கொடுத்தவனைத் தன் வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தி வைப்பதில்லை. நிறுத்தி வைப்பானாயின் பண்பற்றவன் என்று ஊர் அவனைத் தூற்றும். அமானிதப் பொருளை உடையவரிடம் ஒப்படைப்பவன், ‘இதைப் பெற்றுக்கொண்டதற்காக என்னை வாழ்த்து’ என்று கேட்பதில்லை. கேட்பானாயின் அவனுடைய அறிவின்மீதே ஐயம் பிறக்கும். ஆனால் கடன்களில் எல்லாம் தலையாய கடன் ஒன்று, அமானிதங்களில் எல்லாம் கனமான அமானிதம் ஒன்று, ஆண்டுதோறும் ரமலான் மாதத்தில் உரியவரிடம் சேர்க்கப்படும் முறையைக் காணுங்கள். உரியவர் தெருவில் நிற்கிறார். கடன்பட்டவர் மாடியில் நிற்கிறார். கதவு எப்போது திறக்கும் என்பது அவர் விருப்பம். திறந்தபின் கிடைப்பது இன்னது என்பதும் அவர் விருப்பம். பெற்றவர் கைகூப்பி, கண்ணீர் மல்கி, ‘நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்’ என்று கூறித் திரும்ப வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

நாம் ஜகாத்தைப் பற்றியே கூறுகிறோம். கொடாதவர்களைச் சாடி எத்தனையோ பயான்கள் செய்யப்பட்டுள்ளன, எழுத்துகளும் மிகுதி. இங்கே நம் வழக்கு கொடாதவர்களோடு அன்று, கொடுப்பவர்களோடு. கொடுக்கும் முறையால் கொடையையே கொலைக்கருவி ஆக்கிவிட்டவர்களோடு.

‘கொலைக்கருவி’ என்னும் சொல் கடுமையானது என்று வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடும். நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்க்கட்டும்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பசுருவான் நகரில், ஒரு தனவந்தர் தம் இல்லத்து வாசலில் ஜகாத் வழங்கினார். நெரிசலில் சிக்கி 21 பெண்கள் மாண்டனர். ஒவ்வொருவருக்கும் கிடைக்கவிருந்தது 30,000 ரூபியா. அதாவது மூன்று டாலரைச் சற்றே தாண்டும் தொகை. அடுத்த ஆண்டு ரமலானில், 2009 செப்டம்பர் 14 அன்று, கராச்சியின் நெருக்கமான கடைத்தெரு ஒன்றில் இலவச மாவு வழங்கப்பட்டது. பெண்களும் சிறுமியருமாகப் பதினெட்டுப் பேர் மிதிபட்டு இறந்தனர். 2015 ஜூலை 10 அன்று வங்காளதேசத்தின் மைமன்சிங்கில், ஒரு தொழிலதிபரின் வாசலில் ஜகாத் துணிக்காக விடியுமுன்பே கூடியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. 2023 மார்ச் 31 அன்று மீண்டும் கராச்சியில் ஒரு தொழிற்சாலை வளாகம்; பெண்களும் குழந்தைகளுமாகப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அதே ரமலான் முடிவதற்குள், ஏப்ரல் 19ஆம் நாள் இரவு, ஏமன் நாட்டின் ஸன்ஆ நகரில் வணிகர்கள் பணம் வழங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வாங்க வந்தது தலைக்கு 5,000 ஏமன் ரியால். பத்து டாலருக்கும் குறைவான தொகை.

இவற்றையெல்லாம் ‘விபத்து’ என்று செய்தித்தாள்கள் எழுதின. ‘விதி’ என்று மேடைகள் கூறின. ஐந்து முறை, நான்கு நாடுகளில், ஒரே மாதத்தில், ஒரே விதமாக நிகழ்வதை விபத்து என்று அழைக்க எந்த மொழி இடந்தரும்? மழை பெய்தால் ஒழுகும் கூரையைப் பார்த்து மழையைக் குறை கூறுவது போன்றது அது.

ஏமன் நாடு கண்ட இரு காட்சிகள்

ஸன்ஆவில் நிகழ்ந்தது நம் உள்ளத்தை மற்றவற்றினும் அதிகமாக உலுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜகாத் என்றால் என்ன என்று உலகுக்கு வரையறுத்துக் கூறப்பட்ட அறிவுரை, அந்த நாட்டை நோக்கித்தான் புறப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுக்கு முன்னர் முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களை ஏமனுக்கு அனுப்பியபோது, அம்மக்களின் செல்வர்களிடமிருந்து எடுக்கப்பட்டு அம்மக்களின் ஏழைகளிடமே திருப்பப்படும் கடமை ஒன்றை அல்லாஹ் விதித்திருப்பதாக அவர்களுக்கு அறிவிக்கும்படி பணித்தார்கள். மதரஸாவில் முதலிரண்டு ஆண்டு ஓதிய மாணவனும் அறிந்த நபிமொழி இது. ஆனால் அதிலுள்ள வினைச்சொற்களை எத்தனை பேர் ஊன்றிக் கவனித்தோம்? ‘எடுக்கப்படும்’, ‘திருப்பப்படும்’. எடுப்பவர் ஒருவர் இருக்கிறார்; அவர் செல்வர் அல்லர். திருப்பப்படுவது முன்னரே உரியவரிடம் இருந்திருக்க வேண்டியது. ஆகவேதான் ‘திருப்பம்’ என்ற சொல் அங்கே பொருந்துகிறது. செல்வரும் ஏழையும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி நிற்கும் காட்சி அந்த அறிவுரையில் இல்லவே இல்லை.

அதே ஏமன் பற்றி இமாம் அபூஉபைத் (ரஹ்) அவர்கள் ‘கிதாபுல் அம்வால்’ எனும் நூலில் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆது (ரலி) அவர்கள் ஏமனின் ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்களாம். கலீஃபா மகிழவில்லை, கண்டித்தார்கள். வரி திரட்ட உம்மை அனுப்பவில்லை. அங்குள்ள செல்வரிடம் எடுத்து அங்குள்ள ஏழையிடம் கொடுக்கவே அனுப்பினேன் என்ற கருத்தில் எழுதினார்கள். பெற்றுக்கொள்ள இங்கே எவரேனும் இருந்திருந்தால் அங்கே அனுப்பியிருக்க மாட்டேன் என்பது முஆது அவர்களின் விடை. அடுத்த ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்தது என்று அவ்வறிவிப்பு முடிகிறது.

அன்று பெறுவதற்கு ஆளின்றிப் பொருள் ஊர்கடந்து சென்ற நாடு, இன்று பத்து டாலருக்கும் குறைவான தொகைக்காக எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நாடு. இடையில் நிகழ்ந்தது என்ன? 2014இல் தொடங்கிய போர் அந்நாட்டைச் சிதைத்தது, ஊதியங்கள் நின்றன, உணவு அரிதாயிற்று. இவை உண்மை, இவற்றை மறைத்துப் பழி முழுவதையும் அன்றிரவு பணம் வழங்கிய வணிகர்கள் தலையில் சுமத்துவது நீதியாகாது. ஆனால் போர் மக்களை ஏழைகளாக்கியது. அந்த ஏழைகளை ஒரு குறுகிய வாயிலின் முன் ஒரே இரவில் கூட்டியது போர் அன்று, வழங்கும் முறை. வறுமைக்குப் பல காரணங்கள் உண்டு. வரிசைக்கு ஒரே காரணம், அதை அழைத்தவர்.

வாசலில் நிற்பது ஏழை மட்டுமா?

மனித இயல்பை இங்கே சற்று ஆராய்வோம். பணத்தை இழப்பது மனிதனுக்கு வலிக்கும். திருமறை அதை மறைக்கவில்லை. மனிதன் பொருளின்மீது கொண்ட பற்றில் கடுமையானவன் என்று ‘அல்ஆதியாத்’ அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இந்த வலியைத் தாங்க மனம் ஒரு மருந்தைத் தேடுகிறது. இழந்த பொருளுக்கு ஈடாக வேறொன்றைப் பெற்றுக்கொள்கிறது. அதுதான் பெருமை. பத்தாயிரம் ரூபாயை யாரும் அறியாமல் கொடுத்தால் பத்தாயிரம் இழப்பு. அதையே நூறு பேருக்கு நூறு ரூபாயாகத் தம் வாசலில் கொடுத்தால், நூறு கும்பிடு வரவு. ஆக, அவர் கொடுக்கவில்லை, வாங்கினார். ஏழையின் தன்மானத்தை மலிவு விலைக்கு வாங்கினார்.

அதிகாரத்தின் சுவை பதவியில் மட்டும் இருப்பதன்று. ஒருவனைக் காத்திருக்க வைக்கும் ஆற்றலே அதிகாரம். அரசர்கள் மக்களைக் கொலுமண்டபத்தில் காக்க வைத்தனர். அலுவலர்கள் மனுதாரர்களைத் தாழ்வாரத்தில் காக்க வைக்கின்றனர். அரசும் அலுவலும் இல்லாத செல்வருக்கு ஜகாத் ஒரு நாள் அரசாட்சியை அளிக்கிறது. அவர் தீயவர் அல்லர். தொழுகிறார், நோற்கிறார், ஹஜ்ஜும் செய்திருப்பார். ஆனால் நஃப்ஸு வணக்கத்தின் உடையை அணிந்து வரும்போது, அதை அடையாளம் காண்பது கடினம். மதுக்கடைக்குள் நுழையும் ஷைத்தானை எவரும் அறிவர். ஜகாத் பையைத் தூக்கிக்கொண்டு வருபவனை யார் ஐயுறுவர்?

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஜகாத்தின் அந்தரங்கங்களைப் பேசுமிடத்தில் இந்நோயின் வேரைத் தோண்டிக் காட்டுகிறார்கள். சொல்லிக்காட்டுதல் எங்கிருந்து பிறக்கிறது? கொடுப்பவன் தன்னை உபகாரி என எண்ணுவதிலிருந்து. உண்மையில் உபகாரி யார்? அல்லாஹ்வின் உரிமையை ஏற்றுக்கொண்டு, கொடுப்பவனின் பொருளையும் உள்ளத்தையும் தூய்மைப்படுத்தித் தரும் ஏழையன்றோ! ஆகவே நன்றி கூற வேண்டியவன் கொடுப்பவனே என்பது இமாமவர்களின் முடிபு. முன்னோர் சிலர் பார்வையற்றவரின் கையில் வைத்துச் சென்றதையும், ஏழை நடக்கும் பாதையில் போட்டு அகன்றதையும், உறங்குபவரின் ஆடையில் முடிந்துவிட்டு மறைந்ததையும் அவர்கள் எடுத்துக் கூறுகிறார்கள். பகிரங்கமாகக் கொடுப்பதில் முகஸ்துதி, சொல்லிக்காட்டுதல் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு கேடும் உண்டு. ஏழையின் திரையைக் கிழித்தல் அது என்றும் எச்சரிக்கிறார்கள்.

இன்று அத்திரை கிழிக்கப்படுவதோடு நிற்பதில்லை. படம் எடுக்கப்படுகிறது. கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார். வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். அந்தப் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிறது. அந்தத் தாயின் மகள் படிக்கும் வகுப்பறைக்கும் அது சென்று சேர்கிறது. மகளைப் பெண்கேட்டு வரவிருந்த வீட்டாருக்கும் அது சென்று சேர்கிறது. ஒரு சேலைக்கு இவ்வளவு விலையா?

மறுப்புகளும் விடைகளும்

நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படும் மறுப்புகளை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: ‘கடமையான ஜகாத்தை வெளிப்படையாகக் கொடுப்பதே சிறந்தது என்று இமாம்கள் கூறவில்லையா?’ கூறியுள்ளனர், நாம் மறுக்கவில்லை. கடமையைச் செய்யாதவர் என்ற ஐயத்துக்கு ஒருவர் ஆளாகாதிருக்கவும், பிறர் அவரைப் பின்பற்றவும் அது உதவும் என்பது அவர்கள் கூறிய காரணம். அந்தக் காரணம் எதை வேண்டுகிறது? ‘இவர் செலுத்திவிட்டார்’ என்பது தெரிய வேண்டும், அவ்வளவே. ‘இவர் வாங்கினார்’ என்பது தெரிய வேண்டும் என்று எந்த இமாமும் கூறவில்லை. செலுத்துவதை ஊரறியச் செலுத்துங்கள். சேர்ப்பதை ஒருவரும் அறியாமல் சேருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இரண்டாவது: ‘நம் கையாலேயே கொடுத்தால்தான் மனம் நிறைகிறது, இடையில் ஒருவர் எதற்கு?’ மனம் நிறைவது ஜகாத்தின் நோக்கம் என்று யார் கூறியது? திருமறை ‘அத்தவ்பா’ அத்தியாயத்தில் ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என வரையறுக்கிறது. ஏழைகள், வறியோர் ஆகிய இருவருக்கும் அடுத்து மூன்றாவதாகக் கூறப்படுவோர் அதைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர்கள். இடையில் ஒருவர் தேவையில்லையாயின், அவ்வூழியருக்குப் பங்கு எதற்கு? தங்கம், வெள்ளி போன்ற மறைவான செல்வத்தின் ஜகாத்தை உரிமையாளரே பங்கிடலாம் என்பது உண்மை. ஆயினும் நேர்மையான இமாமிடம் ஒப்படைப்பதே மேல் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் குறிப்பிடுகிறார்கள். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 11இல் ஜகாத்தை மறுத்தோர்மீது படையெடுத்தது ஏன்? அது தனிமனிதரின் மனநிறைவுக்கான கொடையாக இருந்திருந்தால், ஒட்டகம் கட்டும் ஒரு கயிற்றுக்காகவும் போரிடுவேன் என்ற உறுதி அந்த மென்மையான உள்ளத்தில் எழுந்திருக்குமா? தயவுக்காக யாரும் போரிடுவதில்லை, உரிமைக்காகவே போரிடுவர்.

மூன்றாவது: ‘ஏழைகள் ஏமாற்றுகிறார்கள், ஒருவரே மூன்று முறை வந்து வாங்குகிறார்.’ உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் முறையைக் கவனியுங்கள். யார் முட்டி மோதி முன்னே வருகிறாரோ அவருக்கே கிடைக்கும் என்ற ஏற்பாட்டைச் செய்துவிட்டு, முட்டி மோதுபவரே வருகிறார் என்று வருந்துவது என்ன நியாயம்? ‘அல்பகரா’ அத்தியாயத்தில் அல்லாஹ் தர்மத்துக்கு உரியவர்களாகச் சிறப்பித்துக் கூறுவோர் எத்தகையவர்? வற்புறுத்திக் கேட்காதவர்கள், அவர்களுடைய தன்னடக்கத்தைக் கண்டு அறியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்றே எண்ணிக்கொள்வான். இத்தகையோர் உங்கள் வரிசையில் நிற்பாரா? கடை நொடித்துக் கதவை அடைத்துக்கொண்டிருப்பவர், வேலையிழந்து திரும்பியதை அண்டை வீட்டாருக்கும் கூறாதவர், தேய்ந்த சட்டையை வெளுத்து உடுத்திக்கொண்டு முதல் ஸஃப்பில் தொழுபவர், இவர்களுள் ஒருவரும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார். திருமறை எவரை முதலில் சுட்டியதோ அவரையே முதலில் விலக்கிவிடும் ஏற்பாடு உங்கள் வரிசை.

ஆடவர் தன்மானத்தைக் காத்துக்கொண்டு வீட்டில் இருக்கையில், நெரிசலுக்கு அனுப்பப்படுவோர் பெண்கள். மேலே கூறிய மரணங்களைத் திரும்பவும் பாருங்கள். பசுருவானில் மாண்ட அனைவரும் பெண்கள். கராச்சியில் பெண்களும் குழந்தைகளும். குடும்பத்தின் வறுமையையும் சுமந்து, குடும்பத்தின் வெட்கத்தையும் சுமந்து சென்றவள் அங்கே மிதிபட்டாள்.

நான்காவது மறுப்பே அபாயமானது. ஏனெனில் அது ஈமானின் குரலில் பேசுகிறது: ‘ஏழ்மையும் செல்வமும் அல்லாஹ்வின் நாட்டம். ஏழை பொறுமை காக்க வேண்டும். செல்வன் நன்றி செலுத்த வேண்டும்.’ பொறுமையின் சிறப்பை நாம் மறுப்போமா? ஆனால் அதைப் பசித்தவன் தனக்குத்தானே கூறிக்கொண்டால் அது ஸப்ரு. உண்டவன் பசித்தவனுக்குக் கூறினால் அது ஏய்ப்பு. ‘யாசீன்’ அத்தியாயத்தை நாள்தோறும் ஓதுகிறோம். அதில் ஒரு கூட்டத்தார் கூற்று எடுத்துரைக்கப்படுகிறது. செலவிடுங்கள் என்று அவர்களிடம் கூறப்பட்டால், அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருக்கக் கூடியவர்களுக்கு நாங்கள் ஏன் உணவளிக்க வேண்டும் என்று அவர்கள் வாதிடுவார்களாம். அந்த வாதத்தைச் செய்தோர் யார் என்று பாருங்கள். முஃமின்கள் அல்லர், மறுப்பாளர்கள். நாட்டத்தைக் காட்டிக் கையை மூடிக்கொள்ளும் வாதம், அவர்களுடைய வாயிலிருந்து நம் மேடைகளுக்கு வந்தது எப்படி? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வறுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். குஃப்ரோடு அதை இணைத்துக் கூறித் தேடினார்கள் என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

வறுமையின் காரணத்தைத் தேடுவது ஈமானுக்கு விரோதமன்று. நம் முன்னோர் தேடினர். ஹிஜ்ரி 806இல், அதாவது கி.பி. 1403ஐ ஒட்டி, எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. கெய்ரோவில் முஹ்தஸிபாகப் பணியாற்றிச் சந்தையின் நடப்பை நேரில் அறிந்திருந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸி, அப்பஞ்சத்தைப் பற்றித் தனி நூல் ஒன்றையே எழுதினார். கையூட்டுக் கொடுத்துப் பதவி வாங்குவோர் அதை மக்களிடமே வசூலித்தல், நிலக் குத்தகையின் உயர்வு, செப்பு நாணயங்களின் பெருக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். வானத்தை நோக்கிக் கைகாட்டிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. அரண்மனையை நோக்கிக் கைகாட்டினார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் அது இடம்பெற்றுள்ளது. பார்வை குன்றிய யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் யாசிப்பதை உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். இந்நிலைக்கு உம்மைத் தள்ளியது எது என்று வினவினார்கள். ஜிஸ்யா, தேவை, முதுமை என்று அவர் கூறினார். கலீஃபா அவரது கையைப் பற்றித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பின்னர் பொதுநிதிக் காப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனிக்குமாறு பணித்து, ஜிஸ்யாவையும் நீக்கினார்கள். உமர் அவர்கள் கேட்ட கேள்வி, ‘உம்மைத் தள்ளியது எது?’ என்பது. நாம் கேட்கும் கேள்வி, ‘டோக்கன் இருக்கிறதா?’ என்பது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து நாம் அடைந்த முன்னேற்றம் இது!

கொடுப்பதில் அளவும் தரமும்

நம் ஊர்களில் இத்தகைய மரணங்கள் நிகழவில்லையே என்று அமைதி கொள்ள வேண்டாம். 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில், தைப்பூசத்தை முன்னிட்டு இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் நான்கு பெண்கள் உயிரிழந்தனர். நெரிசலுக்கு மதம் தெரியாது, வறுமைக்கும் தெரியாது. அதே வரிசை ரமலானின் கடைசிப் பத்தில் நம் தெருக்களிலும் நிற்கிறது.

அந்த வரிசையில் கொடுக்கப்படுவது என்ன? வங்காளதேசத்தில் ‘ஜகாத் சேலை’ என்றே ஒரு சரக்கு விற்பனைக்கு வருகிறது. மலிவானது, மெல்லியது, சில சலவைகளைத் தாங்காதது என்பது அந்தப் பெயரின் பொருளாகவே ஆகிவிட்டது. நம் கடைத்தெருக்களிலும் அந்தத் தரம் தெரியாததன்று. கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாமே ஏற்க விரும்பாத கழிவுப் பொருளைத் தர்மத்துக்கென ஒதுக்காதீர்கள் என்று ‘அல்பகரா’ தடுத்திருக்க, கழிவையே தேடி மொத்தமாக வாங்கும் துணிவு எங்கிருந்து வந்தது? மேலும், பணத்தின் ஜகாத்துக்குப் பதிலாகப் பண்டத்தைக் கொடுப்பது ஷாஃபிஈ மத்ஹபில் நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபில்தான் அதற்கு இடமுண்டு. தராவீஹின் ரகஅத்துக்காக இரவெல்லாம் வாதிடும் ஷாஃபிஈ ஊர்களில், இந்தச் சட்டத்தை எழுப்பி ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டதுண்டா?

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் நம் இமாம்கள் விட்டுவைக்கவில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மஜ்மூஃ’ நூலைத் திறந்து பாருங்கள். ஏழை தேவையிலிருந்து வெளியேறித் தன்னிறைவை அடையும் அளவு கொடுக்கப்பட வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவு. வணிகனுக்கு அவனவன் வணிகத்துக்கேற்ற முதல்: கீரை விற்பவனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும், இரத்தினம் விற்பவனுக்குப் பத்தாயிரம் திர்ஹமும் தேவைப்படலாம். தொழில் செய்ய இயலாதவனுக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. ஹனஃபி அறிஞர்கள் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பதை விரும்பவில்லை. ஆயினும் கடனாளிக்கும் குடும்பச் சுமை உடையவருக்கும் விலக்களித்தனர். அவர்களும் வாங்கியவர் அன்று ஒரு நாளேனும் வேறெவரிடமும் கையேந்தாதிருக்கும் அளவைக் கொடுப்பதை விரும்பினர். ஒரு நாள்! நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடும் தாய், அந்தக் குறைந்த அளவையும் பெற்றாளா?

ஆயிரம் பேருக்கு நூறு ரூபாய் வீதம் கொடுத்தால் அடுத்த ஆண்டு அதே ஆயிரம் பேர் வருவர். பத்துப் பேருக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்தால் அடுத்த ஆண்டு அவர்களில் சிலரேனும் வாராதிருக்கக் கூடும். இந்தக் கணக்கு வணிகர்களான நம் செல்வர்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பத்துப் பேர் வரிசையாக நின்றால் தெரு அடைபடாதே!

உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் ஜகாத்தைப் பெற ஆளில்லாமல் அலைந்த கதையை ரமலான்தோறும் மேடையில் கேட்டு மகிழ்கிறோம். கி.பி. 717 முதல் 720 வரை மூன்றாண்டுகள்கூட நிறையாத அவ்வாட்சியில், தம் குலத்தாரே சேர்த்துக்கொண்ட முறையற்ற உடைமைகளைப் பறித்துப் பொதுநிதியில் சேர்க்கும் வேலையை அவர் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார் என்ற முன்பாதியை மட்டும் மேடை விழுங்கிவிடுகிறது. முன்பாதி இன்றிப் பின்பாதி எப்படி நிகழும்?

செய்ய வேண்டுவது

சட்டம் போட்டு அரசு வசூலித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நம் கருத்தன்று. பாகிஸ்தானில் 1980இல் ஜகாத் சட்டம் வந்தது. ரமலானின் முதல் நாளில் வங்கிச் சேமிப்பிலிருந்து நாற்பதில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்பட்டது. விளைவு? ரமலான் பிறப்பதற்கு முன்பே பலர் பணத்தை எடுத்துவிடுவது வழக்கமாயிற்று. நம்பிக்கை இல்லாத இடத்தில் அதிகாரம் கணக்கை மட்டுமே பிடிக்கும், உள்ளத்தைப் பிடிக்காது. நம் நாட்டில் அத்தகைய சட்டமும் இல்லை. ஆகவே பொறுப்பு மஹல்லா ஜமாஅத்தினுடையது.

சில ஊர்களில் பைத்துல்மால் அமைப்புகள் செவ்வனே நடைபெறுகின்றன, அவர்களை வாழ்த்துகிறோம். மற்ற ஊர்கள் முதற்படியாக ஒரு விதியை ஏற்கட்டும்: வாங்குபவரின் பெயர் இருளில் இருக்கட்டும், பங்கிடுபவரின் கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும். இன்று எல்லாம் தலைகீழ். ஏழையின் முகம் ஊரறியக் காட்டப்படுகிறது; நிர்வாகத்தின் கணக்குப் பேரேடு பூட்டி வைக்கப்படுகிறது. செல்வர்கள் ஜமாஅத்தை நம்ப மறுப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். முத்தவல்லிகள் பூட்டைத் திறந்தால் செல்வர்கள் தங்கள் வாசலை மூடலாம்.

அதன்பின் தெருத்தெருவாக, வீடுவீடாக, கேளாதவர்களைத் தேடிச் செல்லும் நால்வர் போதும். கடனில் மூழ்கியவர் யார், தையல் இயந்திரம் இருந்தால் நிமிர்ந்துவிடக் கூடிய விதவை யார், கல்லூரிக் கட்டணத்துக்காகப் படிப்பை நிறுத்தவிருக்கும் பிள்ளை யார் என்பது தெருவுக்குத் தெரியும். ‘குமர் காரியம்’ என்று கடிதம் சுமந்து ஊர் ஊராகப் பள்ளிவாசல் படியில் அமர்ந்திருக்கும் தந்தையின் கண்ணீரை மட்டுமன்று, அவரை அங்கே தள்ளிய கைக்கூலியையும் அந்த நால்வர் கேள்வி கேட்கட்டும். ஒரு வீட்டில் கைக்கூலியாக வாங்கிய பணத்துக்கு மறு ஆண்டில் ஜகாத் கணக்குப் பார்க்கும் கொடுமை நம்மிடையே தவிர வேறெங்கு உண்டு?

ஆலிம் பெருமக்களிடமும் ஒரு சொல். செல்வரின் தயவில் நடைபெறும் மேடையில் செல்வரின் குறையை எடுத்துரைப்பது எளிதன்று என்பதை அறிவோம். துணி வணிகம் செய்து தம் கையால் உண்ட இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், கலீஃபா கொடுக்க முன்வந்த நீதிபதிப் பதவியை மறுத்து, ஹிஜ்ரி 150இல் பக்தாதில் மறைந்தார்கள். அவர்களுடைய சட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதுகெலும்பை விட்டுவிடுவது தக்லீது ஆகாது. ஏழைக்குப் பொறுமையை நூறு முறை உபதேசித்த நாவு, செல்வருக்கு ‘உங்கள் வாசலை மூடுங்கள்’ என்று ஒரு முறை கூறட்டும்.

செல்வச் சகோதரர்களே! உங்கள் பொருளில் கேட்பவருக்கும் கேளாதவருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டு என்று திருமறை கூறுகிறது. ‘உரிமை’ என்றுதான் கூறுகிறது. ‘உதவி’ என்று கூறவில்லை. ஆண்டு நிறைந்த அன்றே நாற்பதில் அந்த ஒரு பங்கு உங்களுடையதாக இருப்பதினின்று நீங்கிவிட்டது. பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு உரியவரை வெயிலில் நிறுத்துகிறீர்கள் என்ற உணர்வு உங்களுக்கு வர வேண்டும். வந்துவிட்டால், அடுத்த ரமலானில் வரிசை இராது. உங்கள் காலடிச் சத்தமும் கேளாமல் பொருள் உரிய வீட்டைச் சென்றடையும். அந்த வீட்டார் உங்கள் பெயரை அறியமாட்டார்கள். அறிய வேண்டியவன் அறிவான்.

கொடுப்பவரின் உள்ளத்தைப் பெருமையிலிருந்தும், பெறுபவரின் முகத்தை இழிவிலிருந்தும் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.